பச்சைப் பெரிய டிராகன்

உங்களிடம் ஒரு கம்பளம் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் விளம்பரம் செய்து விற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கம்பளம். பெரியது, பழையது, வட்டமானது, சிவப்பு நிறம், காஷ்மீர் சரக்கு, கம்பளியில் நெய்தது. இந்த ஏழு சமாசாரங்களையும் 'கார்ப்பெட்' என்ற சொல்லுக்கு முன்னால் வரிசையாக அடுக்கிப் பாருங்கள்.

'நைஸ் பிக் ஓல்டு ரவுண்டு ரெட் காஷ்மீரி உல்லன் கார்ப்பெட்' என்று எழுதியிருந்தால் ஏழுக்கு ஏழு. 'உல்லன் ரெட் நைஸ்...' என்று ஆரம்பித்திருந்தாலும் கம்பளம் என்னவோ அதேதான். ஆனால் லண்டன்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். ஏன் தப்பு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. 'அப்படிச் சொல்றதில்லை' என்பார், அவ்வளவுதான்.

மார்க் ஃபோர்சைத் என்கிற ஆங்கிலேயர் 2013-ல் 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் எலக்வென்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அணி இலக்கணத்தைப் பற்றி இத்தனை ஜாலியாக எழுத முடியுமா என்று பொறாமைப்பட வைக்கிற புத்தகம். சொல் வரிசையை வேண்டுமென்றே கலைப்பது பற்றிய அத்தியாயத்தில் இந்த ரகசியத்தை ஒரே பத்தியில் போட்டு உடைக்கிறார். முதலில் அபிப்பிராயம், அப்புறம் அளவு, வயது, உருவம், நிறம், பிறந்த ஊர், செய்த பொருள், உபயோகம், கடைசியில் பெயர்ச்சொல். இதில் இம்மி பிசகினாலும் பைத்தியம் உளறுகிற மாதிரி இருக்குமாம். இங்கிலீஷ்காரர்கள் அத்தனை பேரும் இந்த விதிப்படி பேசுகிறார்கள், ஆனால் இப்படி ஒரு விதி இருப்பது அவர்களுக்கே தெரியாது என்கிறார். 2016-ல் அந்தப் பத்தியின் படம் ட்விட்டரில் பரவி, தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிறவர்கள் எல்லாம் 'அட, ஆமாம்!' என்று வியந்துபோனார்கள்.

பத்தி பிரமாதம். விதிதான் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

முதலில், இம்மி பிசகக் கூடாது என்கிற இந்த வரிசையில் பெரியவர்களே ஒத்துப்போகவில்லை. ஃபோர்சைத் வயதை முன்னால் வைத்து உருவத்தைப் பின்னால் வைக்கிறார். பிரிட்டிஷ் கவுன்சிலின் பாடத்தில் உருவம் முன்னால், வயது பின்னால். கேம்பிரிட்ஜ் அகராதியின் இலக்கணப் பகுதியும் உருவத்துக்குத்தான் முதல் மரியாதை தருகிறது. அவர்கள் பட்டியலுக்குப் பத்துப் படி வேறு. ஆக நம் கம்பளம் 'ஓல்டு ரவுண்டு' என்றால் ஒருவர் மார்க் போடுவார், இன்னொருவர் அடித்துவிடுவார்.

அடுத்தது ஓநாய். டிஸ்னியின் 'த்ரீ லிட்டில் பிக்ஸ்' 1933-ல் வந்ததிலிருந்து உலகக் குழந்தைகள் எல்லாருக்கும் தெரிந்த 'பிக் பேட் வுல்ஃப்'. 'பேட்' என்பது அபிப்பிராயம், 'பிக்' அளவு. விதிப்படி 'பேட் பிக் வுல்ஃப்' என்றல்லவா வர வேண்டும்? 2016-ல் பிபிசிக்கு எழுதிய கட்டுரையில் ஃபோர்சைத் இதற்கு ஒரு சமாதானம் சொல்கிறார். டிக்-டாக், ஜிக்-ஜாக், பிங்-பாங் என்று இரட்டைச் சொற்களில் 'இ' முதலில், 'ஆ'வோ 'ஓ'வோ பிறகு வருவது ஆங்கிலத்தின் ஓசை விதி. அந்த விதி இந்த விதியை ஜெயித்துவிட்டதாம்.

கெட்டிக்காரத்தனமான பதில். எனக்கு ஒப்புதல் இல்லை. 'பிக் அக்லி', 'பிக் ஸ்டுப்பிட்' என்றுதான் திட்டுகிறார்கள். அங்கே டிக்-டாக் ஓசை எதுவும் இல்லையே? ஆனால் பாராட்டும்போது 'நைஸ் பிக்', 'பியூட்டிஃபுல் பிக்' என்று அபிப்பிராயம் முன்னால் ஓடிவிடுகிறது. புகழ்ச்சி அளவுக்கு முன்னால், இகழ்ச்சி பெரும்பாலும் அளவுக்குப் பின்னால். ஆக ஓநாய் ஒன்றும் தனி விதிவிலக்கு இல்லை, 'அபிப்பிராயம்' என்று போட்ட டப்பாதான் ஓட்டை.

சரி, டப்பாக்களை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும்? ஓட்டோ பெஹாகெல் என்ற ஜெர்மானிய மொழியறிஞர் 1932-லேயே சுருக்கமாகச் சொல்லிவிட்டார். மனசுக்குள் நெருங்கி இருப்பவை வாக்கியத்திலும் நெருங்கி நிற்கும். கம்பளத்துக்குக் கம்பளி உடம்பு. அதை எடுத்துவிட்டால் கம்பளமே இல்லை. அதனால் அது பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பு பார்த்தாலே தெரிவது. 'பெரியது' என்பது பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்த்தால்தான். 'நல்லது' என்பது முழுக்க உங்கள் சொந்த சமாசாரம், கம்பளத்துக்கு அது தெரியவே தெரியாது. அதனால் கடைசியில் தள்ளி நிற்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் எட்டோ பத்தோ மனப்பாடம் செய்வதில் பெரும்பகுதி மிச்சம்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கியன் ஏழு வயது வாக்கில் டிராகன் கதை ஒன்று எழுதினார். அதில் 'கிரீன் கிரேட் டிராகன்' என்று இருந்தது. அவர் அம்மா கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'அப்படிச் சொல்லக் கூடாது, கிரேட் கிரீன் டிராகன்' என்று மட்டும் திருத்தினாராம். ஏன் என்று அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை என்று 1955-ல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அப்போது அவருக்கு வயது 63. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலப் பேராசிரியர்!

அம்மா சொன்னது சரி. ஆனால் 'கிரேட் டிராகன்' என்று ஒரு ஜாதி இல்லாதவரைக்கும்தான் சரி. 'கிரேட் டேன்' என்று ஒரு நாய் இருக்கிறதே, அது கறுப்பாக இருந்தால் 'பிளாக் கிரேட் டேன்'. அங்கே யாரும் 'கிரேட் பிளாக் டேன்' என்பதில்லை. 'கிரேட்' அதன் பெயரோடு ஒட்டிப்போய்விட்டது.

நம்புவது கஷ்டமாக இருந்தால் தமிழிலேயே பாருங்கள். 'சின்ன பழைய வீடு' என்றால் வாடகை குறைச்சலாக இருக்கும் என்று தெரியும். 'பழைய சின்ன வீடு' என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் மனைவி இல்லாத நேரமாகப் பார்த்து. அதே இரண்டு அடைமொழிதான், இடம் மாறியதும் விவகாரமே வேறு. 'நல்ல பெரிய மனுஷன்', 'பெரிய நல்ல மனுஷன்' இரண்டையும் வாய்விட்டுச் சொன்னால் இரண்டாவதில் நக்கல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நம் இலக்கணக்காரர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. 'செங்கால் நாரை'யில் சிவப்பு அடை, கால் சினை, நாரை முதல். இந்த மூன்றும் இதே முறையில்தான் வர வேண்டும், மயங்கக் கூடாது என்கிறது தொல்காப்பியம். நன்னூல் ஒரு படி மேலே போய், முதலுக்கு இரண்டு அடை வருவதும் உலக வழக்குதான் என்று ஒப்புக்கொள்கிறது. மூன்றின் வரிசையைக் கலைத்துப் போடுகிற லைசென்ஸ் மட்டும் செய்யுளுக்கு. ஆனால் அந்த இரண்டு அடையில் அளவு முன்னாலா, நிறம் முன்னாலா என்று பவணந்தியார் அந்தச் சூத்திரத்தில் பட்டியல் போடவில்லை. பேசுகிறவன் காதுக்கு விட்டுவிட்டார். இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நமக்கு இதில் என்ன வந்தது என்றால், பரீட்சை. அபிப்பிராயம், அளவு என்று எட்டுக்கும் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஒசாஸ்காம்ப்' என்று ஒரு மந்திரம் செய்திருக்கிறார்கள். பையன்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே அடைமொழி வைக்கிறார்கள். நிஜ ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மூன்றைத் தாண்டுவதே அபூர்வம். ஐந்தும் ஆறும் இலக்கணப் புத்தகத்துக்கு வெளியே எங்கேயும் அதிகம் நடமாடுவதில்லை. நேர்முகத் தேர்வில் வாய் திறக்கும் முன் ஒசாஸ்காம்ப் சொல்லிப் பார்க்கிறவன் கடைசியில் வாயே திறக்க மாட்டான்.

இன்னொன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. கடையில் பெரிய பைகளாகவே நாலைந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள், உங்களுக்கு அதில் சிவப்பு வேண்டும். 'த ரெட் பிக் ஒன்' என்று 'ரெட்'டை அழுத்திச் சொன்னால் எந்த இங்கிலீஷ்காரரும் மூர்ச்சை போட மாட்டார், பையை எடுத்துக் கொடுப்பார். 'எ லாங், டயரிங் ஜர்னி' மாதிரி நடுவே காமா போட முடிகிற ஜோடிகளையும் தாராளமாக மாற்றிப் போடலாம்.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். 'ரெட்'டையும் 'உல்லன்'னையும் கொடுத்து வரிசை கேளுங்கள், நியாயம். 'ஓல்டு'வையும் 'ரவுண்டு'வையும் கொடுத்துக் கேட்டுவிட்டு, ஒன்றுக்கு மட்டும் மார்க் போடாதீர்கள். அடிபட்ட பையன் கேம்பிரிட்ஜ் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தால் உங்களிடம் பதில் இருக்காது.