படிக்க வராத எழுத்து

கே.ஸி.எஸ். பணிக்கர் 1911ல் கோயமுத்தூரில் பிறந்தவர். இதை ஊர்ப்பெருமையாக்க ஒன்றுமில்லை. இந்த ஊரின் வரவேற்பறைகளில் இன்னமும் நீர்வீழ்ச்சியும் மான்குட்டியும்தான். நமக்கு அவரிடம் இருப்பது ஒரு வழக்கு. 1963 முதல் 1977ல் இறக்கும்வரை அவர் வரைந்த 'சொற்களும் குறிகளும்' வரிசையில், சொல்லை வைத்துக்கொண்டு அர்த்தத்தைக் கழற்றி எறிந்துவிட்டார். எழுதுகிறவனின் பிழைப்பில் கைவைக்கிற காரியம் இது. பணிக்கரிடம் பயின்ற ஆதிமூலத்தின் கோடுகளை அட்டையில் போட்டுக்கொண்ட நம் பத்திரிகைகள், உள்பக்கங்களில் இதைப் பற்றி வாய் திறந்தது குறைவு.

தகப்பனார் இறந்ததும் படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனவர் அவர். அர்த்தம் யாருடையதோ, எழுத்து மட்டும் கைமாறுகிற இடம். இதைக் காரணமாகச் சொன்னால் ஜோசியமாகிவிடும். 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளி, தேவி பிரசாத் ராய் சௌதுரியிடம். 1957ல் அதே பள்ளிக்கு முதல்வர். 1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் எழுந்தது, ஓவியர்கள் பாட்டிக் துணி செய்து விற்ற காசில். (சந்தா வசூலிக்கவே துப்பில்லாத நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.)

ஆரம்பகால நீர்வண்ணக் காட்சிகள் கைத்திறன் மிக்கவை, அவ்வளவே. 1954ல் லண்டன், பாரீஸ் கண்காட்சிகளுக்குப் பிறகு 'இதில் இந்தியத்தனம் எங்கே?' என்ற கேள்வி அவரை விடவில்லை. புதுக்கவிதைக்காரர்களையும் இதே கேள்வியால்தான் அடித்தார்கள். அவருக்கு விடை வந்தது கோயில் சிற்பத்திலிருந்தல்ல, ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கத்திலிருந்து. எண்கள், அல்ஜீப்ராக் குறிகள், வடிவியல் கோடுகள். பிறகு ரோமன் எழுத்து போய் மலையாள எழுத்து வந்தது. கூடவே ஜாதகக் கட்டம், மீன், பறவை, பாம்பு. வெளிறிய தளத்தில் பொடிப்பொடியாக, நெருக்கமாக, அவசரக் கையெழுத்தில்.

இதை மாந்திரீகம், தந்திரம் என்று பேசுவது சுலபம். எனக்கு அதில் தெரிவது மண்டிச் சிட்டை. பேரேட்டில் அடுத்தவன் எழுதிய பதிவைப் பார்க்கிறபோது, ஏதோ கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கிறது என்று தெரியும், என்னவென்று தெரியாது. அந்த அந்தரம்தான் இந்தப் படங்களின் விஷயம். ஆகவே மலையாளம் படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் இவை முழுதாக நிகழ்கின்றன. அவன் கண் பழக்கத்தில் வாசிக்கப் போகிறது, வரிக்கு வரி தோற்கிறது. வாளையாறு தாண்டினால் அந்த எழுத்து. கோவையில் இரண்டையும் படிக்கிறவர்கள் நிறைய. தமிழ் மட்டும் தெரிந்தவனுக்குப் பாதித் தோல்வி: ஓரிரண்டு எழுத்து நம்முடையது போல முகம்காட்டி நழுவும். டில்லியிலோ பாரீஸிலோ பார்ப்பவனுக்கு இந்தத் தோல்வியே இல்லை. அவனுக்கு அது அழகான கிறுக்கல், இந்தியக் கிறுக்கல். க்ளேயும் மார்க் டோபியும் எழுத்தை ஓவியத்துக்குள் கொண்டுபோனவர்கள்தான். அந்த வரிசையில் இவரையும் சேர்த்துவிட்டு அவன் நகர்ந்துவிடலாம்.

இங்கேதான் என் தகராறு. இந்தியத்தனத்துக்காக வந்த எழுத்து, இந்தியத்தனம் தேடி வருகிறவனிடம் மிக மலிவாகப் போகிறது. வரிசையின் பலவீனமான படங்களில் எழுத்து ஓரக்கோலமாக இறங்கிவிடுகிறது. வாசிக்க முயலும் கண்ணைத் தடுக்க வேண்டிய இடத்தில் வரவேற்கிறது. பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டதும் இந்தப் பகுதியைத்தான். எழுத்து, யந்திரம், கட்டம் எல்லாம் துணிக்கடை டிசைன் ஆயின. இதற்குப் பணிக்கர் பொறுப்பல்ல என்று தள்ளிவிட முடியாது. வாசல் அவர் திறந்தது.

நல்ல படங்களில் அப்படியில்லை. அவற்றில் கட்டத்துக்குள் கட்டமாகக் குறிகள் நிறைகின்றன, கூட்டலுக்குக் கீழே கோடு விழுகிறது, தொகை மட்டும் வருவதில்லை. திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் அவர் பெயரிலேயே ஒரு காலரி இருக்கிறது. போகிறவர்கள் மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய், படத்தை விட்டு அவர் கண்களைப் பார்க்கலாம்.