கதண்டும் பாதிரியும்: பீரங்கி வண்டிகளுக்குப் பெயரிட்ட மூன்று மரபுகள்

லாரியில் கட்டி இழுத்துப்போன பீரங்கி, இரண்டாம் உலகப்போரில் டாங்கியின் அடிச்சட்டத்தில் ஏறி உட்கார்ந்து தானே ஓடத் தொடங்கியது. டாங்கியும் அல்ல, பழைய பீரங்கியும் அல்ல. அதை எப்படிக் கூப்பிடுவது? அன்றைய படைகள் தந்த விடைகளில் மூன்று மரபுகள் தெரிகின்றன.

முதலாவது எண் மரபு. அமெரிக்கர் எம்7, எம்12 என்று வரிசை எண்ணோடு நிறுத்திக்கொண்டார்கள். சோவியத் படையின் எஸ்யு-76, எஸ்யு-122, எஸ்யு-152 ஆகியவற்றில் எண்ணுக்குப் பொருள் உண்டு. அது குழல்வாயின் அளவு, மில்லிமீட்டரில். கிடங்குக்காரருக்கு அது போதும். களத்தில் நின்றவருக்குப் போதவில்லை. புலி, சிறுத்தை என்று பெயர் சூடிவந்த ஜெர்மன் டாங்கிகளை 1943இல் கூர்ஸ்க் போரில் எதிர்த்த எஸ்யு-152க்கு 'மிருகவேட்டைக்காரன்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது பூச்சி மரபு. ஜெர்மானியரின் 10.5 செ.மீ. பீரங்கி வண்டி 'வெஸ்பே', அதாவது குளவி. 15 செ.மீ. பீரங்கி சுமந்தது 'ஹும்மல்', வண்டு. டாங்கி வேட்டைக்குப் போனது 'ஹொர்னிஸ்ஸே', கதண்டு. கொட்டிவிட்டுப் பறந்துவிடும் பிராணியின் பெயர், மெல்லிய கவசத்தோடு தூர நின்று சுடும் வண்டிக்குப் பொருத்தம்தான். ஹிட்லருக்குத்தான் அது சிறுமையாகப் பட்டது. 1944இல் கதண்டு காண்டாமிருகம் ஆயிற்று. கவசம் என்னவோ அதே மெல்லிய கவசம்தான்.

மூன்றாவது கோயில் மரபு, பிரிட்டிஷாருடையது. வேலன்டைன் டாங்கியின் மேல் உயரமான இரும்புக்கூண்டு; ஆயரின் தொப்பிபோல் இருந்ததால் 'பிஷப்' என்பார்கள். கூண்டுக்குள் குழலை 15 பாகைக்கு மேல் நிமிர்த்த முடியாது. பீரங்கியின் எட்டும் தூரம் பாதியாகக் குறைந்தது. மண்மேடு கட்டி, வண்டியையே அதில் ஏற்றி, சாய்த்துச் சுட்டார்கள். 1942இல் அமெரிக்க எம்7 வந்தது. அதன் முன்பக்கத்தில் இயந்திரத் துப்பாக்கிக்காரர் நிற்கும் வட்டத் தொட்டி பிரசங்க மேடையை நினைவூட்ட, அது 'பிரீஸ்ட்', பாதிரியார். கனடாவின் மான்ட்ரியலில் 2,150 வண்டிகள் செய்யப்பட்டன, அவை 'செக்ஸ்டன்'. நம் ஊர்த் தேவாலயங்களில் மணியடித்துக் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளைதான் அவர்.

எது நல்ல பெயர்? கிடங்குக்கு உதவுவதா, தலைவனுக்குப் பெருமை சேர்ப்பதா, கண்ணால் கண்டதைச் சொல்வதா? வாயில் புழங்கப் புழங்கக் கிளைவிடும் பெயரே நல்ல பெயர் என்பேன். 1944 ஆகஸ்டில் நார்மண்டியில், சில பிரீஸ்ட் வண்டிகளின் பீரங்கியைக் கழற்றி, திறந்த வாயை இரும்புத் தகட்டால் அடைத்து, காலாட்படையினரை உள்ளே ஏற்றினார்கள் கனடியர்கள். பீரங்கி போன வண்டிக்குப் பழைய பெயரே கிளைவிட்டது. அங்கி பறிக்கப்பட்ட பாதிரியார் என்றார்கள்.