ஜெரமி பிரவுனின் உடம்பு

மைக்கேல் லூயிஸின் 'மனிபால்' புத்தகத்தைப் படிக்காதவர்களும் அதன் கதையைச் சொல்லிவிடுவார்கள். பணமில்லாத ஒரு பேஸ்பால் அணி, கண்ணை மட்டும் நம்பும் கிழட்டு ஸ்கவுட்டுகள், கணினியோடு வந்த ஒரு பட்டதாரி. கடைசியில் கணினி ஜெயித்தது. எங்கள் தொழிற்சாலையில் தரவுப் பகுப்பாய்வு பற்றி வகுப்பெடுக்க வருகிறவர்கள் ஒரு ஸ்லைடிலாவது பிராட் பிட் படத்தைப் போட்டுவிடுவார்கள். 2003-இல் புத்தகம், 2011-இல் படம். இரண்டும் சேர்ந்து, எண்ணை நம்பு, கண்ணை நம்பாதே என்று ஒரு பழமொழியையே உண்டாக்கிவிட்டன. எனக்கு அந்தப் பழமொழியோடு பெரிய சண்டை இல்லை. நான் சம்பளம் வாங்குவதே எண்களைப் பார்ப்பதற்குத்தான். என் சண்டை புத்தகத்தோடு. கண்ணைத் தோற்கடித்துவிட்டதாகச் சொல்லும் லூயிஸ், அந்தக் காரியத்தைக் கண்ணை வைத்துத்தான் செய்கிறார்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் பக்கம் பூப்பந்தும் காற்பந்தும்தான். பேஸ்பால் பார்க்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்கவுட் என்றதும் காக்கிச் சட்டைச் சாரணர் ஞாபகம் வரும், இவர் வேறு ஆள். பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடும் பையன்களைத் தேடி ஊர் ஊராகக் கார் ஓட்டிப் போய், வலைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறவர். கையில் ஸ்டாப்வாட்ச், பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் துப்பாக்கி, ஒரு நோட்டு. அப்படிப் பார்த்ததெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் டிராஃப்டில் போய்ச் சேரும். 2022 டிராஃப்ட் வரை, முந்தைய வருடம் மோசமாக ஆடிய அணி முதலில் என்ற வரிசையில் ஒவ்வோர் அணியும் ஒரு பெயரைச் சொல்லும். பெயர் சொல்லப்பட்ட பையன் அந்த ஒரே அணியோடுதான் பேரம் பேச முடியும். 2002-இல் 30 அணிகள், 50 சுற்றுகள்.

அந்த 2002 டிராஃப்ட்தான் புத்தகத்தின் உயிர். ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் வீரர்களுக்குக் கொடுத்த மொத்தச் சம்பளம் சுமார் 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸ் கொடுத்தது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஜியாம்பி, டேமன், இஸ்ரிங்ஹாசன் என்று மூன்று நட்சத்திரங்கள் காசுக்காக வேறு அணிக்குப் போய்விட்டார்கள். அதற்கு ஈடாகக் கிடைத்த கூடுதல் வாய்ப்புகளால், முதல் 39 பெயர்களில் ஏழு ஓக்லண்டுடையவை. அணியின் பொது மேலாளர் பில்லி பீனும் அவருடைய உதவியாளர் பால் டிபொடெஸ்டாவும் ஸ்கவுட்டுகளோடு ஓர் அறையில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறார்கள். வாயில் புகையிலையோடு கிழவர்கள் ஒரு பக்கம், மடிக்கணினி ஒரு பக்கம். லூயிஸ் இந்த அறையை எழுதியிருக்கும் விதம் உண்மையிலேயே பிரமாதம். நாடகம் மாதிரி நகர்கிறது.

அந்த அறையில் ஸ்கவுட்டுகளை அதிரவைக்கும் பெயர் ஜெரமி பிரவுன். அலபாமா பல்கலைக்கழகத்தின் கேட்சர். நிறைய அடித்தவர், அதைவிட, பொறுமையாக நின்று மோசமான பந்துகளை விட்டுவிட்டு இலவசமாக முதல் தளத்துக்குப் போகத் தெரிந்தவர். டிபொடெஸ்டாவின் கணக்கில் இந்தப் பொறுமை தங்கம். ஸ்கவுட்டுகளின் கண்ணில் ஒன்றே ஒன்றுதான் பட்டது: குண்டு. ஓக்லண்ட் அவரை 35-ஆவது பெயராகச் சொன்னது. அதற்கு முன்பே, 350,000 டாலருக்குச் சம்மதிப்பாரா என்று பேசி முடித்துக்கொண்டது. அந்த இடத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் தொகையைவிட அது ரொம்பக் குறைவு.

பிரவுனை வைத்து லூயிஸ் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஸ்கவுட்டுகள் உடம்பைப் பார்த்து ஏமாறுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஆனால் புத்தகத்தை மூடியபின் நம் மனதில் நிற்பது பிரவுனின் எந்த எண்? ஒன்றும் நிற்காது. நிற்பது அவருடைய உடம்புதான். அந்த உடம்பு எப்படி நடந்தது, மற்ற பையன்கள் எப்படிப் பார்த்தார்கள், பிரவுனுக்கே எவ்வளவு கூச்சமாக இருந்தது என்றுதான் பக்கம் பக்கமாகப் போகிறது. ஸ்கவுட் அந்த உடம்பைப் பார்த்து 'வேண்டாம்' என்று எழுதினார். லூயிஸ் அதே உடம்பைப் பார்த்து 'கதாநாயகன்' என்று எழுதினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பில்லி பீனின் கதையும் இதே மாதிரிதான். அவர் பள்ளிப் பையனாக இருந்தபோது, உயரம், வேகம், முகவெட்டு எல்லாம் பார்த்து ஸ்கவுட்டுகள் சொக்கிப்போனார்கள். 1980 டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் அவரை 23-ஆவது பெயராக எடுத்தது. ஸ்டான்ஃபோர்டுக்குப் போகவேண்டிய பையன், 125,000 டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். பெரிய லீக்கில் மொத்தம் 148 ஆட்டங்கள், அடித்த சராசரி .219. கண் எப்படிப் பொய் சொல்லும் என்பதற்கு லூயிஸ் காட்டும் முதல் சாட்சி இதுதான். உருக்கமான அத்தியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓர் ஆளின் தோல்வியை வைத்து ஒரு முறையையே தீர்ப்பது எண்காரர்கள் செய்யும் வேலையா? கல்லூரிப் பையன்களை எடுப்பது லாபமா, பள்ளிப் பையன்களை எடுப்பதா என்ற கேள்விக்கு ஆயிரக்கணக்கான பெயர்களும் இருபது முப்பது வருடங்களும் வேண்டும். அப்படி ஓர் அட்டவணையை மையமாக வைத்தால் புத்தகம் விற்காது என்று லூயிஸுக்குத் தெரியும். இன்னொரு விஷயம், 1990-இல் ஆடுவதை விட்ட பீன் ஓக்லண்ட் நிர்வாகத்திடம் போய்க் கேட்ட வேலை என்ன தெரியுமா? ஸ்கவுட் வேலை. எதிரணிகளை முன்கூட்டிப் போய்ப் பார்த்துவரும் ஸ்கவுட்.

சரி, அந்த ஏழு பேர் என்ன ஆனார்கள்? ஸ்விஷர், பிளாண்டன், டீஹன் மூவரும் பல வருடம் பெரிய லீக்கில் ஆடினார்கள். பிரவுன் எட்டிப் பார்த்தார். மற்ற மூவரும் அந்தப் பக்கமே போகவில்லை. டிராஃப்டில் இது மோசமான விளைச்சல் இல்லை. ஆனால் பீன் பள்ளிப் பிட்சர்களை எவ்வளவு ஏளனமாகப் பார்த்தார் என்பதைப் புத்தகம் ரசித்து ரசித்துச் சொல்கிறது. ஓக்லண்ட் 16-ஆவதாக ஸ்விஷரை எடுத்தது. 17-ஆவதாக ஃபிலடெல்ஃபியா எடுத்தது கோல் ஹாமெல்ஸை, பள்ளியில் கை எலும்பு முறிந்த பிட்சர். 2008 உலகத் தொடரின் சிறந்த வீரர் அவர்தான். ஓக்லண்டின் 24-க்கும் 26-க்கும் நடுவில், வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ எடுத்தது மாட் கேய்னை, இவரும் பள்ளிப் பிட்சர். 2012 ஜூனில் ஒருவரைக்கூடத் தளமேற விடாமல் ஒரு முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். இரண்டு பெயரை வைத்து நானும் லூயிஸ் வேலையைச் செய்யக்கூடாது, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் 2002-இல் ஓக்லண்ட் ஜெயித்த 103 ஆட்டங்களுக்குத் தோள்கொடுத்த ஹட்சன், மல்டர், ஸீட்டோ என்ற மூன்று பிட்சர்களைப் படம் கண்டும் காணாததுபோல் கடந்துபோவதை மன்னிக்க முடியவில்லை. மூவரும் அந்த அணியே டிராஃப்டில் எடுத்தவர்கள். படத்தில் கிழட்டு ஸ்கவுட்டுகளின் தலைவர் கிரேடி ஃபூசனைப் பீன் வேலையைவிட்டே தூக்குகிறார். உண்மையில் அவர் 2001 பருவம் முடிந்ததும் டெக்சஸ் அணியின் உயர்பதவிக்குப் போய்விட்டார்.

நான் சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு சில்லை நான் எத்தனை தடவை அளந்தாலும், 'இது முதல் தரம்' என்று பெட்டியில் எழுதினாலும், அந்தச் சில்லு மாறாது. பையன் மாறுவான். முதல் சுற்றில் எடுத்த பையன் மூன்று வருடம் சொதப்பினாலும் அணி காத்திருக்கும், போட்ட பணம் அப்படி. கடைசிச் சுற்றுப் பையன் மூன்று மாதம் சொதப்பினால் பஸ் டிக்கெட். அப்புறம் முதல் சுற்றுப் பையன்கள்தான் அதிகம் ஜெயிக்கிறார்கள் என்று அட்டவணை போடுவோம். மதிப்பெண்ணும் விளைவும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் இந்தச் சிக்கல் 'மனிபால்' புத்தகத்தைத் தொந்தரவே செய்யவில்லை.

ஸ்கவுட்டுகள் எண்ணுக்கு எதிரிகள் என்பதும் பாதிப் பொய். அவர்களுடைய அறிக்கையே எண்தான். அடிப்பது, பலமாக அடிப்பது, ஓடுவது, பிடிப்பது, எறிவது என்று ஐந்து திறமை; ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண்; 50 என்றால் பெரிய லீக் சராசரி. இதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு திறமைக்கும் இரண்டு எண் போடுவார்கள். இன்றைக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு. பதினெட்டு வயசுப் பையன் ஓடுவதைப் பார்த்துவிட்டு, தன் பெயரைக் கீழே எழுதி, அவனுடைய இருபத்தைந்தாவது வயசுக்கு ஓர் எண் போடுவது சும்மா இல்லை. புள்ளிவிவரம் நேற்றைச் சொல்லும். அந்த இரண்டாவது எண்ணை யாராவது ஒருவர் துணிந்து எழுதித்தான் ஆகவேண்டும்.

கிளிண்ட் ஈஸ்ட்வுட் நடித்த 'ட்ரபிள் வித் தி கர்வ்' (2012) இதற்குப் பதில் சொல்ல வந்த படம். பார்வை மங்கும் கிழட்டு ஸ்கவுட், மட்டையின் சத்தத்தை வைத்தே பையனின் குறையைக் கண்டுபிடிக்கிறார். கணினிக்காரன் வில்லன். தலையைத் திருப்பிப் போட்ட அதே நாணயம், பேச ஒன்றும் இல்லை.

படிக்கவேண்டியது கெவின் கெரேன் 1984-இல் எழுதிய 'டாலர் சைன் ஆன் தி மசில்'. 1981-இல் ஃபிலடெல்ஃபியா அணியின் ஸ்கவுட்டுகளோடு சுற்றி எழுதியது. தசையின்மேல் டாலர் விலை போடுவது என்று தலைப்பிலேயே போட்டு உடைத்துவிடுகிறார். டிராஃப்ட் 1965-இல்தான் வந்தது. முதன்முதலில் அழைக்கப்பட்ட பெயர் ரிக் மண்டே; அழைத்தது, அப்போது கேன்சஸ் சிட்டியில் இருந்த இதே அத்லெடிக்ஸ். அதற்கு முன் ஸ்கவுட் பையனின் வீட்டுக்குப் போய், அம்மா கையால் சாப்பிட்டு, அப்பாவிடம் பேசி, மற்ற அணிகளோடு போட்டிபோட்டு விலை ஏற்றுவார். டிராஃப்ட் வந்ததும் ஸ்கவுட் வருடம் முழுக்கப் பார்த்து வைத்த பையனை வேறோர் அணி தூக்கிக்கொண்டு போகும். பையனுக்கோ பேரம் பேச ஒரே வாசல். பணக்கார அணிகளை அடக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள்; கையெழுத்துப் பணமும் சேர்ந்து அடங்கியது.

லூயிஸ் ஒருபோதும் நிற்காத இடம் இதுதான். அவருடைய புத்தகத்தில் மலிவாக வாங்குவது புத்திசாலித்தனம், அறிவின் வெற்றி. பிரவுனை 350,000-க்கு மடக்கியது ஒரு சாமர்த்தியமாக வருகிறது. பொறுமையாக ஆடி எண்களைச் சேர்த்தவர் பிரவுன். அந்த எண்களுக்கு உரிய விலை ஏன் அவர் கைக்குப் போகாமல் அணியின் பையில் மிச்சமானது என்று ஒரு வரிகூட இல்லை. கீழ் லீக் வீரர்கள் கூலிக்காக 2014-இல் வழக்குப் போட்டு, 2022-இல் 18.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு 'மனிபால்' படித்தால் சிரிப்பு வரும் இடங்கள் மாறிவிடும்.

புத்தகத்தின் கடைசியில் பயிற்சி லீக் ஆட்டம் ஒன்றில் பிரவுன் பந்தை ஓங்கி அடிக்கிறார். முதல் தளத்தைத் தாண்டும்போது கால் தடுக்கி விழுந்து, தவழ்ந்து திரும்புகிறார். பந்து வேலியைத் தாண்டிவிட்டது, தான் அடித்தது ஹோம்ரன் என்று அவருக்குத் தெரியவில்லை. சக வீரர்கள் சிரிக்கிறார்கள். படத்தில் இந்தக் காட்சியை டிபொடெஸ்டாவின் சாயலில் செய்த பாத்திரம் பீனுக்கு வீடியோவாகப் போட்டுக் காட்டுகிறது. பீன் மனம் தேற வேண்டுமே. குண்டுப் பையன் விழுகிறான், மேலாளருக்கு ஞானம் கிடைக்கிறது, கேமரா பிராட் பிட்டின் முகத்துக்குப் போய்விடுகிறது. பிரவுன் 2006-இல் ஓக்லண்டுக்காக ஐந்து ஆட்டங்கள் ஆடினார். பத்து முறை மட்டை பிடித்து மூன்று ஹிட், சராசரி .300. 2008-இல் ஆட்டத்தை விட்டுவிட்டார். படம் வெளிவந்தபோது அவர் விலகி மூன்று வருடம் ஆகியிருந்தது.