மூடிய கணக்கும் மூடிய வாயும்

பிரிட்டனில் ஒருவரின் வங்கிக் கணக்கு மூடப்படும் செய்தி பெரும்பாலும் ஒற்றைப் பக்கக் கடிதமாக வருகிறது. உங்கள் கணக்கை ஆய்வு செய்தோம். இனி உங்களுக்குச் சேவை வழங்க இயலாது. இன்ன தேதிக்குள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இந்த முடிவை மறுபரிசீலனை செய்ய மாட்டோம். ஏன் என்பதற்கு மட்டும் அதில் ஒரு வரி இருக்காது. கிளைக்கு ஓடினால் கவுன்டரில் இருப்பவர் கையை விரிப்பார். அவருக்குக் காரணம் தெரிந்திருக்காது. தெரிந்தாலும் சொல்லிவிட முடியாது.

2016–17 நிதியாண்டில் இப்படி மூடப்பட்ட கணக்குகள் ஏறக்குறைய 45,000. 2021–22இல் அது 3,43,000ஐத் தாண்டியது. இத்தனை பேர் வெளியே தள்ளப்பட்டபோது நாட்டில் பெரிதாக யாரும் பேசவில்லை. 2023 கோடையில் ஓர் அரசியல்வாதிக்கு அதே கதி நேர்ந்த பிறகுதான் இந்த எண்களே செய்தியாயின.

அவர் நைஜல் ஃபராஜ், பிரெக்ஸிட் இயக்கத்தின் முகம். வங்கி கூட்ஸ். 1692இல் தொடங்கியது, அரச குடும்பத்தின் வங்கி என்ற பெருமை உடையது, நாட்வெஸ்ட் குழுமத்துக்குச் சொந்தமானது. பத்து லட்சம் பவுண்டு முதலீடோ கடனோ, இல்லையென்றால் முப்பது லட்சம் பவுண்டு சேமிப்போ இருப்பவர்களுக்குத்தான் அங்கே கணக்கு. ஜூன் இறுதியில், தன் கணக்கை மூடுகிறார்கள், காரணம் சொல்ல மறுக்கிறார்கள் என்று ஃபராஜ் அறிவித்தார். சில நாட்களில் பிபிசி வேறொரு கதையைச் சொன்னது: அவரிடம் வங்கி கேட்கும் அளவுக்குப் பணம் இல்லை, விஷயம் அவ்வளவுதான்.

அத்தோடு அடங்கியிருக்க வேண்டிய விவகாரம் அது. ஆனால் ஃபராஜ் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் கையில் எடுத்தார். ஒரு நிறுவனம் தன்னைப் பற்றி என்னென்ன எழுதி வைத்திருக்கிறது என்று எவரும் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் நிறுவனம் அதைத் தந்தாக வேண்டும். ஃபராஜுக்குக் கிடைத்தது 40 பக்கம். அதில் 2022 நவம்பரில் கூடிய ‘நற்பெயர் இடர்’ குழுவின் குறிப்புகளும் இருந்தன. அவருடைய கருத்துகள் வங்கியின் விழுமியங்களோடு ஒத்துப்போகவில்லை என்று அங்கே விவாதித்திருந்தார்கள். வணிகக் கணக்கில் பார்த்தால் அவரை வைத்துக்கொள்ளலாம் என்றும் ஓரிடத்தில் எழுதியிருந்தது. வீட்டுக் கடன் முடிந்ததும் வெளியேற்றுவது என்பது திட்டம்.

பிறகு தலைகள் உருண்டன. பிபிசி மன்னிப்புக் கேட்டது. பிபிசி செய்தியாளரிடம் பேசியது தானே என்று நாட்வெஸ்ட் தலைமைச் செயல் அதிகாரி அலிசன் ரோஸ் ஒப்புக்கொண்டு ஜூலை 26 அதிகாலையில் பதவி விலகினார். மறுநாள் கூட்ஸின் தலைமைச் செயல் அதிகாரி பீட்டர் ஃபிளாவெலும் விலகினார். வாடிக்கையாளருக்குக் காரணம் சொல்ல முடியாது என்ற வங்கியின் மிக உயர்ந்த நாற்காலியில் இருந்தவர், அதே வாடிக்கையாளரைப் பற்றி ஒரு விருந்தில் செய்தியாளரிடம் பேசியிருக்கிறார். வங்கி ரகசியம் யாருக்கு எதிராக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நாட்வெஸ்ட் அமர்த்திய சட்ட நிறுவனமான டிராவர்ஸ் ஸ்மித், கணக்கை மூடியது சட்டப்படி சரிதான், முதன்மைக் காரணம் வணிகம்தான் என்று அந்த அக்டோபரில் அறிக்கை தந்தது. அதே அறிக்கை, வாடிக்கையாளரிடம் பேசிய விதத்தில் குறைகள் இருந்ததையும் பட்டியலிட்டது. வங்கிகளை மேற்பார்வையிடும் நிதி நடத்தை ஆணையமோ, 2022 ஜூலை முதல் ஓராண்டில் அரசியல் கருத்தை முதன்மைக் காரணமாக்கி எந்த வங்கியும் கணக்கை மூடியதாகத் தெரியவில்லை என்றது. அந்த முடிவுக்கு அடிப்படை வங்கிகளே கொடுத்த விவரம் என்பதால் பலரும் அதைச் சட்டை செய்யவில்லை. 2025 மார்ச்சில் ஃபராஜிடம் மன்னிப்புக் கேட்டு நாட்வெஸ்ட் சமரசமாகிவிட்டது.

ஃபராஜை வைத்து இந்த வழக்கத்தை எடைபோடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அவருக்கு மேடை இருந்தது, தொலைக்காட்சி நிகழ்ச்சி இருந்தது, முதல் பக்கத்தில் போட நாளிதழ் இருந்தது. மிச்சமுள்ள மூன்று லட்சத்துச் சொச்சம் பேரில் பெரும்பாலோர் யாருடைய அரசியல் பகையாலும் கணக்கை இழக்கவில்லை. நீண்ட நாள் பயன்படுத்தாமல் கிடந்த கணக்குகளும், குற்றப் பணம் புழங்குகிறதோ என்ற சந்தேகத்துக்கு ஆளான கணக்குகளுமே அவற்றில் அதிகம். சிக்கலின் வேர் இந்தச் சந்தேகத்தில்தான் இருக்கிறது.

சந்தேகப்படத் தவறினால் என்ன ஆகும் என்பதை அறிய வேறெங்கும் போக வேண்டாம், நாட்வெஸ்டையே பார்க்கலாம். பிராட்ஃபோர்டில் ஃபௌலர் ஓல்ட்ஃபீல்ட் என்றொரு தங்க வியாபார நிறுவனம். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி பவுண்டு புரளும், ரொக்கம் வராது என்று சொல்லிக் கணக்குத் தொடங்கினார்கள். 2012 முதல் 2016 வரை அதில் விழுந்தது 36.5 கோடி பவுண்டு, அதில் 26.4 கோடி ரொக்கம். வால்சால் கிளைக்குப் பணம் கறுப்புக் குப்பைப் பைகளில் வந்தது. பாரம் தாங்காமல் பைகள் கிழிந்தன. ஊழியர்கள் நோட்டுகளை உறுதியான வேறு பைகளுக்கு மாற்றிக் கட்டினார்கள். தரையிலிருந்து கூரை வரை இருந்த பெட்டகங்களிலும் இடம் போதவில்லை. கீழ்மட்ட ஊழியர்கள் சிலர் இது சரியில்லை என்று மேலே சொல்லியும் பார்த்தார்கள். கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. 2021 டிசம்பரில் நீதிமன்றம் விதித்த அபராதம் 26.48 கோடி பவுண்டு.

இது விதிவிலக்கான தண்டனை அல்ல. மெக்சிகோ போதைக் கும்பல்களின் பணம் தன் வழியாகப் பாய்ந்ததற்காக எச்எஸ்பிசி 2012இல் அமெரிக்காவுக்குக் கொடுத்தது 190 கோடி டாலர். டிடி வங்கி 2024இல் கொடுத்தது 300 கோடி டாலருக்கும் மேல். ஒரு குற்றவாளியை விட்டு வைத்தால் கோடிகளில் அபராதம். ஓர் அப்பாவியை வெளியே தள்ளினால் ஒரு புகார்க் கடிதம், மிஞ்சிப் போனால் சில நூறு பவுண்டு இழப்பீடு. எந்த அதிகாரியும் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லத் தேவையில்லை.

ரகசியத்துக்கும் நியாயம் உண்டு. 2002ஆம் ஆண்டின் குற்ற வருவாய்ச் சட்டப்படி, சந்தேகம் எழுந்தால் வங்கி அதைத் தேசியக் குற்ற முகமைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த விஷயத்தை வாடிக்கையாளர் காதில் போட்டு விசாரணையைக் கெடுத்தால் சிறைத் தண்டனை வரை போகும். கடத்தல்காரனிடம் ‘உன்மேல் சந்தேகம்’ என்று கடிதம் எழுதினால் விடிவதற்குள் பணம் மூன்று நாடு தாண்டியிருக்கும். மோசடிக்காரர்களுக்குத் தன் கணக்கை வாடகைக்கு விடும் மாணவரின் விஷயமும் அப்படித்தான். யாரோ ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணம் அந்தக் கணக்கில் சில நிமிடங்கள்தான் தங்கும். அதை உடனே அடைப்பது அந்த முதியவருக்குச் செய்யும் உதவி. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து அடைக்க முடியாது.

ஆனால் சட்டம் கேட்கும் சந்தேகத்தின் அளவு மிகச் சிறியது. வெறும் கற்பனையாக இல்லாமல், இப்படியும் இருக்கலாம் என்று தோன்றினாலே போதும். ஜிம்பாப்வேயில் தொழில் செய்த ஒருவரின் நான்கு பணப் பரிமாற்றங்களை எச்எஸ்பிசி இப்படித்தான் தாமதப்படுத்தியது. காரணமும் சொல்லவில்லை. அந்த இழுபறியால் சொந்த நாட்டில் தன்மேல் விசாரணை வந்து 30 கோடி டாலருக்கு மேல் இழந்தேன் என்று அவர் வழக்குப் போட்டார். ஆண்டுக்கணக்கில் நடந்து, 2012இல் தோற்றார். அதிகாரியின் மனத்தில் சந்தேகம் உண்மையிலேயே இருந்ததா என்பதே நீதிமன்றத்தின் கேள்வி. அது சரியான சந்தேகமாக இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதுவரையிலும்கூட ஏற்கலாம். ஏற்க முடியாதது அடுத்து நடந்தது. குற்ற விசாரணைக்காகச் சட்டம் கொடுத்த மௌனத்தை வங்கிகள் தங்கள் எல்லா முடிவுகளுக்கும் போர்வையாக இழுத்துக்கொண்டன. லாபம் போதாத வாடிக்கையாளர், பத்திரிகையில் அடிபடும் வாடிக்கையாளர், ஆவணம் சரிபார்க்கச் சிரமம் தரும் வாடிக்கையாளர், நிஜமான கடத்தல்காரர் என எல்லாருக்கும் ஒரே கடிதம். கூட்ஸ் விவகாரத்தில் காவல்துறைக்காகக் காக்க வேண்டிய ரகசியம் எதுவுமில்லை. வெளியே தெரிந்தால் வெட்கக்கேடு என்பதைத் தவிர.

வடக்கு லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் மசூதிக்கு 2014 ஜூலையில் எச்எஸ்பிசியிடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் கணக்கு நாங்கள் ஏற்கத் தயாராக உள்ள இடர் அளவுக்கு வெளியே இருக்கிறது என்றது அது. அந்த மசூதி ஒரு காலத்தில் தீவிரவாதப் பிரசாரத்துக்குப் பேர்போனது. ஆனால் 2005இலேயே நிர்வாகம் முழுதாகக் கைமாறி, அக்கம்பக்கத்தோடும் காவல்துறையோடும் சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தது. என்ன இடர், எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை. தாம்சன் ராய்ட்டர்ஸ் நடத்திய ‘வேர்ல்ட்-செக்’ என்ற தரவுத்தளத்தில் மசூதி ‘பயங்கரவாதம்’ என்ற தலைப்பின் கீழ் பட்டியலிடப்பட்டிருப்பது 2015இல் பிபிசி விசாரணையில் தெரியவந்தது. வாடிக்கையாளரைச் சலிக்க வங்கிகள் காசு கொடுத்துப் பார்க்கும் பட்டியல் அது. மசூதி வழக்குத் தொடுத்தது. 2017இல் ராய்ட்டர்ஸ் மன்னிப்புக் கேட்டு 10,000 பவுண்டு இழப்பீடு தந்தது. பட்டியலில் இருக்கிறோம் என்பது தெரியாதவரால் பட்டியலைத் திருத்தச் சொல்ல முடியாது. வங்கியின் மௌனம் இங்கே எந்த விசாரணையையும் காக்கவில்லை. ஒரு தவறான பதிவைத்தான் காத்தது.

தனி ஆட்களைத் தாண்டி ஒரு நாட்டையே இது தொடும். 2013இல் பார்க்ளேஸ் 200க்கும் மேற்பட்ட பணம் அனுப்பும் நிறுவனங்களின் கணக்குகளை மூட முடிவெடுத்தது. அவற்றுள் சோமாலியாவுக்குப் பணம் அனுப்புவதில் பெரிய பெயரான தஹப்ஷீலும் ஒன்று. முறையான வங்கி அமைப்பே இல்லாத நாட்டுக்கு வேறெந்த வழியாகப் பணம் போகும் என்று ஓட்ட வீரர் மோ ஃபரா உட்படப் பலர் குரல் கொடுத்தார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, கடைசியில் சமரசம் ஏற்பட்டு தஹப்ஷீலுக்குச் சில மாதங்கள் கூடுதலாகக் கிடைத்தன. குற்றப் பணத்தைத் தடுக்கிறோம் என்ற பெயரில் கண்ணுக்குத் தெரிந்த வழியை அடைத்தால், பணம் கண்ணுக்குத் தெரியாத வழியில் போகும். எந்தப் புலனாய்வு அமைப்பும் அதை விரும்பாது.

சரி, கடிதம் வந்தவர் என்ன செய்ய முடியும்? முதல் வேலை வாதாடுவது அல்ல. இணைய வங்கிச் சேவை அணைக்கப்படுவதற்கு முன் பல ஆண்டு ஸ்டேட்மென்ட்டுகளை இறக்கி வைத்துக்கொள்வது, சம்பளத்தையும் வாடகையையும் மின்கட்டணத்தையும் வேறு கணக்குக்குத் திருப்புவது. அந்த வேறு கணக்குக்கு ஒரு வழி உண்டு: பெரிய வங்கிகள் பல சட்டப்படி அடிப்படைக் கணக்குத் தரக் கடமைப்பட்டவை. குற்றச் சந்தேகம் இருந்தால் அவையும் மறுக்கலாம். அடுத்து எழுத்தில் புகார். எட்டு வாரத்துக்குள் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி தரவில்லை என்றாலோ நிதித் துறைப் புகார்களுக்கான நடுவரான ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றிப் போகலாம். கூடவே தகவல் கேட்கும் மனுவை வங்கிக்கும், ‘சிஃபாஸ்’ என்ற மோசடித் தடுப்பு அமைப்புக்கும் அனுப்ப வேண்டும். சிஃபாஸ் பதிவேட்டில் பெயர் ஏறினால் ஆறு ஆண்டுகள் வரை இருக்கும். அடுத்த வங்கியும் அதற்கடுத்த வங்கியும் கதவைச் சாத்துவதற்கு அதுவே காரணமாக இருக்கும். பலருக்கு அப்படியொரு பதிவு இருப்பதே மூன்றாவது வங்கி மறுத்த பிறகுதான் தெரிகிறது.

ஆம்புட்ஸ்மன் முறையில் ஒரு விநோதம் உண்டு. வங்கி தன் காரணத்தை ஆம்புட்ஸ்மனிடம் ரகசியமாகச் சொல்லும். அவர் படித்துப் பார்த்துவிட்டு, வங்கி நியாயமாக நடந்துகொண்டது, ஏன் என்று மட்டும் உங்களிடம் சொல்ல முடியாது என்று தீர்ப்பெழுதலாம். ஒன்றுமே இல்லாததற்கு இது மேல். வெளியாள் ஒருவராவது கோப்பைப் பார்க்கிறார். ஆனால் தன்மேல் உள்ள குற்றச்சாட்டு தெரியாமல் அதை மறுக்கும் ஆதாரத்தை எவரால் கொடுக்க முடியும்?

அமெரிக்கா இதற்கு எடுத்திருக்கும் வைத்தியம் வேறு. 2025இல் அங்கே மேற்பார்வை அமைப்புகள் ‘நற்பெயர் இடர்’ என்ற அளவுகோலைக் கைவிடத் தொடங்கின. ஆகஸ்டில் அரசியல், மதக் காரணங்களுக்காகச் சேவை மறுப்பதற்கு எதிராக அதிபர் டிரம்ப் ஆணையிட்டார். தலைப்புச் செய்திக்கு ஏற்ற நடவடிக்கை. வங்கிகளும் பிற நிதி நிறுவனங்களும் 2023 நிதியாண்டில் மட்டும் அனுப்பிய நாற்பத்தாறு லட்சம் சந்தேக அறிக்கைகளின் நிழலில் கணக்கை இழக்கும் சிறு கடைக்காரரை அது தொடவே இல்லை.

பிரிட்டனின் புதிய விதி அதைவிடப் பொருளுள்ளது. கணக்கை மூட இரண்டு மாத நோட்டீஸ் என்பது 90 நாளாகிறது. தெளிவான, குறிப்பான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஆம்புட்ஸ்மனிடம் போகலாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 2026 ஏப்ரல் 28 முதல் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். இருபது ஆண்டுகளாக ஒரே வங்கியில் இருக்கும் பழைய வாடிக்கையாளர் பழைய இரண்டு மாதத்திலேயே நிற்கிறார். விசுவாசத்துக்கு நல்ல பரிசு. கடும் குற்றச் சந்தேகம் இருந்தால் நோட்டீசும் வேண்டாம், காரணமும் வேண்டாம் என்ற விலக்கு தொடர்கிறது. தொடரவும் வேண்டும். கேள்வி, அந்த விலக்கை எந்த வங்கி எத்தனை முறை எடுத்தது என்பதுதான். ஆண்டுதோறும் ஒவ்வொரு வங்கியும் மூடிய கணக்குகளில் எத்தனைக்குக் காரணம் சொல்லாமல் விட்டது, அவற்றில் எத்தனையை ஆம்புட்ஸ்மன் தவறு என்று கண்டார் என்று பெயரோடு வெளியிடச் செய்தால் எந்த விசாரணையும் கெடாது, எந்தக் குற்றவாளிக்கும் தகவல் போகாது. அந்தப் பட்டியலில் முதலிடம் பிடிக்க எந்த வங்கியின் தலைமைச் செயல் அதிகாரியும் ஆசைப்பட மாட்டார்.