கல்லைத் திருப்பிக் கொடுத்த கடல்கன்னி

ஏற்காட்டைப் பற்றி எங்கே படித்தாலும் முதல் வரியிலேயே கடல் வந்துவிடும். 'கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில்...' என்று. அதோடு சரி. அதற்கப்புறம் காபி, மிளகு, ஆரஞ்சு, சேர்வராயன் கோயில், சேலத்திலிருந்து ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஊர்ப் பெயரிலேயே ஏரியும் காடும்தான் இருக்கின்றன. கப்பல் என்று சொல்லிக்கொள்ள ஏரியில் மிதிபடகு உண்டு.

இந்த ஊரில் வளரும் என் அக்கா பெண்ணுக்கு வயது 14. ஒரு வருடமாக அவளுக்குக் கடற்கொள்ளைக்காரப் பித்து. போன மழை சீசனில் நான் போயிருந்தபோது ஒரு புத்தகத்தை என் கையில் திணித்தாள். 'படிச்சிட்டுச் சொல்லுங்க மாமா. பாதியில வெச்சா பேச மாட்டேன்.' டிரிசியா லெவன்செல்லர் எழுதி 2017-ல் வந்த 'டாட்டர் ஆஃப் தி பைரேட் கிங்'. வெளியே இரண்டு நாளாக மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. வேறு வேலை இல்லை. முடித்துவிட்டேன்.

இந்தக் குறிப்பு அந்தப் புத்தகத்தைப் பற்றியும், அதை முடித்த பிறகு அவள் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றியும். கதையின் முக்கியமான ரகசியம் ஒன்றை உடைக்கப் போகிறேன். படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அலோசாவுக்கு வயது 17. கடற்கொள்ளையர்களின் அரசன் காலிகனின் மகள். புதையல் தீவுக்கு வழி காட்டும் வரைபடத்தின் ஒரு துண்டு எதிரிக் கப்பல் ஒன்றில் இருக்கிறது. அதைத் தேடுவதற்காக வேண்டுமென்றே அந்தக் கப்பல்காரர்களிடம் பிடிபடுகிறாள். அவளைப் பிடித்துவிட்டதாக அவர்கள் கொண்டாடுகிறார்கள். ராத்திரி ஆனால் இவள் பூட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து கப்பலைச் சோதனை போடுகிறாள். வேலை முடிந்ததும் சமர்த்தாகச் சிறைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறாள். விசாரிக்க வருபவன் துணைத்தலைவன் ரைடன். அழகன், கொஞ்சம் புத்திசாலி. மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம்.

ரகசியம் இதுதான்: அலோசாவின் அம்மா ஒரு ஸைரன். பாட்டால் மாலுமிகளை மயக்கி மூழ்கடிக்கும் இனம். பழைய கிரேக்கக் கதைகளில் ஸைரன்கள் பாதிப் பறவை, பாதிப் பெண். பிற்கால ஐரோப்பாதான் அவர்களை மீன் பக்கம் தள்ளி, நாம் கடல்கன்னி என்று சொல்லும் உருவத்தோடு கலந்துவிட்டது. அலோசா பாதி ஸைரன், முழுக் கொள்ளைக்காரி.

புத்தகத்தின் பலம் சிரிப்புதான். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கவனித்தேன். அலோசா தன் கதையைத் தானே சொல்கிறாள், அதுவும் அளவில்லாத தற்பெருமையோடு. அவளுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும், கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கைதி பேச்சைக் கேட்டுக் காவல்காரன் மிரட்டும்போதெல்லாம் சாவி யாரிடம் இருக்கிறது என்று நமக்குத் தெரிவதால் சிரிப்பு வருகிறது. அவளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, அவள்தான் சிரிக்கிறாள். பதினாலு வயதுப் பெண்கள் இந்தப் புத்தகத்தை ஏன் ஒளித்து வைத்துப் படிக்கிறார்கள் என்பதற்கு எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

பலவீனமும் உண்டு. அலோசாவின் குரல், எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ரூட் பாஸ்வேர்ட் மாதிரி. பாடினால் ஆண்கள் சொன்னபடி கேட்பார்கள். அப்புறம் கதையில் என்ன சிக்கல் மிச்சம் இருக்கும்? ஆசிரியருக்கும் இது தெரிந்திருக்கிறது. பாடப் பாடச் சக்தி தீரும், கடல்நீர்தான் அதை மறுபடி நிரப்பும், கடல்நீர் பட்டாலோ அவளுக்குள் இருக்கும் ஸைரன் விழித்துத் தன் ஆட்களையே அடையாளம் தெரியாமல் போகும் என்று கட்டுப்பாடு வைக்கிறார். கடலை ஆள வேண்டியவள் கடலுக்குப் பயப்படுகிறாள். புத்தகத்திலேயே ஆழமான இடம் இதுதான். அந்த இடத்தில் நின்று பார்க்காமல் அடுத்த அத்தியாயத்தில் மறுபடி ரைடனின் கண்ணழகுக்குப் போய்விடுகிறார். கடலும் பாதி நேரம் மேடையில் தொங்கும் படுதாதான். காற்று எந்தத் திசை, பாயை எப்போது இறக்கினார்கள், உப்பு, நாற்றம் எதுவும் மனதில் தங்குவதில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'சரி மாமா, தமிழ்ல இந்த மாதிரி என்ன இருக்கு?' என்றாள்.

எனக்குக் குஷியாகிவிட்டது. பூங்குழலி இருக்கிறாளே! சாண்டில்யனின் 'கடல் புறா' இருக்கிறதே! என் பள்ளிக்கூட நாட்களைத் தின்ற புத்தகங்கள் ஆயிற்றே. இரண்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன். மூன்று மாதம் கழித்துப் போனில் கேட்டாள்: 'நல்லாத்தான் இருக்கு. ஆனா மாமா, பூங்குழலிக்கு ஏன் கப்பல் இல்ல?'

சட்டென்று பதில் வரவில்லை. மறுபடி எடுத்துப் படித்தேன்.

'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் பூங்குழலியோடுதான் ஆரம்பிக்கிறது. கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள். தனியாகப் படகு ஓட்டி ஈழம் வரை போய் வருபவள். வந்தியத்தேவன் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத் துரத்திக்கொண்டு போய்ச் சேற்றுப் பள்ளத்தில் சிக்க, அவள்தான் தூக்கிவிடுகிறாள். கல்கியின் நகைச்சுவை இங்கே அலோசா கதைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. மாட்டிக்கொள்வது வீரன், சிரிப்பது அவள். சுழற்காற்றில் கடலில் தத்தளிக்கும் இளவரசரையும் வந்தியத்தேவனையும் மீட்பதும் அவள் படகுதான். அருள்மொழி அவளைச் சமுத்திர குமாரி என்றே கூப்பிடுகிறார். இதைவிடப் பொருத்தமான கொள்ளைத் தலைவியை யார் செய்ய முடியும்?

ஆனால் அந்தப் படகில் போகிற காரியம் எப்போதும் வேறொருவருடையது. வந்தியத்தேவனின் ஓலை, இளவரசரின் உயிர், நாட்டின் அரசியல். அவள் அக்கரைக்குக் கொண்டுபோய் விடுபவள். கடைசியில் கல்கி அவளை அரண்மனைக்கு அழைத்துப்போய் உத்தம சோழரின் ராணியாக்கிவிடுகிறார். பள்ளி நாட்களில் இதைப் பெரிய பரிசு என்று நினைத்தேன். இந்தத் தடவை, கடலை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு நாற்காலி கொடுத்த மாதிரி இருந்தது.

'கடல் புறா'வில் கொள்ளைக் கப்பலே இருக்கிறது. கருணாகர தொண்டைமான் இளையபல்லவனாகச் சீனக் கடற்கொள்ளைக்காரன் அகூதாவிடம் தொழில் கற்று, ஸ்ரீவிஜயத்தின் கடலைக் கலக்குகிறான். கப்பல் சாஸ்திரத்தில் சாண்டில்யன் லெவன்செல்லரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். பாய், துறைமுகம், காற்று, போர் வியூகம் என்று பக்கம் பக்கமாக எழுதுவார். காஞ்சனா தேவியும் மஞ்சளழகியும் வீரமும் அறிவும் உள்ளவர்கள்தான். ஆனால் கப்பல் அவனுடையது, அதன் தலைமையும் அவனுடையது. சாண்டில்யனின் வர்ணனை அந்தப் பெண்களைச் சுற்றிச் சுற்றி வரும் வேகத்தைப் பார்த்து, இதை ஏன் 14 வயதுப் பிள்ளையிடம் கொடுத்தேன் என்று சங்கடமாகவும் இருந்தது. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தத் தேடலில்தான் சுவண்ணமச்சா வந்தாள்.

தாய்லாந்தின் ராமாயணமான ராமகியெனில், சேது கட்டும்போது போட்ட கற்கள் போட்டபடியே காணாமல் போகின்றன. அனுமன் முங்கிப் பார்க்கிறான். கீழே ஒரு கடல்கன்னி மீன் படையை வைத்துக் கற்களை அள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறாள். பெயர் சுவண்ணமச்சா, அதாவது பொன்மீன். ராவணனின் மகள், அப்பா உத்தரவில் வந்தவள். அனுமன் துரத்துகிறான், அவள் நழுவுகிறாள். துரத்தல் காதலாகிறது. மனம் மாறி எல்லாக் கற்களையும் அவளே திருப்பிக் கொண்டுவந்து வைக்கச் சொல்லிவிடுகிறாள். பிறக்கிற பிள்ளை மச்சானு, குரங்கு உடம்பு, மீன் வால். பாங்காக் அரண்மனைக் கோயிலில் ராமகியென் முழுவதும் சுவரோவியமாக இருக்கிறது. கம்போடியாவின் ரீம்கேரிலும் இவள் உண்டு.

யோசித்துப் பாருங்கள். கடற்கொள்ளையில் இறங்கிய கடல்கன்னி, நகைச்சுவை, காதல், எல்லாம் நடக்கிற இடம் நம் ராமேஸ்வரத்துக் கடல்! ஆனால் வால்மீகியில் இவள் இல்லை, கம்பனில் இல்லை. நம் மயில்ராவணன் கதையில் அனுமனுக்கு ஒரு மகன் உண்டு. அவன் பிறப்பு எப்படி? கடலில் விழுந்த அனுமனின் வியர்வைத் துளியை ஒரு மீன் விழுங்கியது. அவ்வளவுதான். நாம் அனுமனின் பிரம்மச்சரியத்தைக் காப்பாற்றினோம். அதற்குக் கொடுத்த விலை அந்த அம்மா. தாய்லாந்தில் பெயர், படை, புத்தி, மனமாற்றம் எல்லாம் உள்ளவள் இங்கே வெறும் மீன்.

அதற்காக தாய்லாந்துக் கதையைத் தலையில் தூக்கி வைக்கவும் மாட்டேன். அங்கேயும் அவள் முதலில் அப்பாவின் ஆள், பிறகு அனுமனின் ஆள். தனக்காக ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. அலோசாவும் அப்பாவின் வேலையாகத்தான் அந்தக் கப்பலுக்கு வருகிறாள். ஆனால் அவளுக்கு ஆவா-லீ என்று சொந்தக் கப்பல் உண்டு, பெரும்பாலும் பெண்களே உள்ள மாலுமிக் கூட்டம் உண்டு. காதலன் வந்தாலும் அந்தக் கப்பலில் ஏறித்தான் ஆக வேண்டும். அந்தப் புத்தகத்தின் வாக்கியங்கள் கல்கிக்கு எட்டாது, கடல் அறிவு சாண்டில்யனுக்கு எட்டாது. இருந்தும் அக்கா பெண் ஏன் அதையே மறுபடி படிக்கிறாள் என்பதற்குப் பதில் இங்கே இருக்கிறது: சுக்கான் அவள் கையில் இருக்கிறது. கடல்கன்னியோ கொள்ளைக்காரியோ, இந்த வகைக் கதையை அளக்க எனக்கு இனி இது ஒன்று போதும்.

நம்மிடம் சரக்கு இல்லாமலா போயிற்று? கடல்கன்னிக் கதைகளுக்கு மூலம் என்று சொல்லப்படும் கடல்பசு, மீனவர்கள் ஆவுளியா என்று சொல்வது, பாக் நீரிணையில் இன்னும் மேய்கிறது. விலங்கியலில் அதன் வரிசைக்குப் பெயரே ஸைரனியா. 2022-ல் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலை அதற்கென்று ஒதுக்கியது. 1493-ல் கொலம்பஸ் கடல்கன்னிகளைப் பார்த்துவிட்டு, படத்தில் வரைகிற அளவுக்கு அழகில்லை என்று எழுதி வைத்தார். அவர் பார்த்தது ஆவுளியாவின் அமெரிக்கச் சொந்தக்காரியாக இருக்கலாம். கேலியும் கிண்டலுமாக ஒரு தமிழ்க் கதை தொடங்க இதுவே போதாதா?

போன வாரம் ஏற்காடு போனபோது சுவண்ணமச்சா கதையைச் சொன்னேன். ஏரிக்கரையில் மிதிபடகுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். கடைசி வரை கேட்டாள். பிறகு, 'கல்லைத் திருப்பிக் குடுத்தாளே, அங்கதான் மாமா தப்பு பண்ணிட்டா' என்றாள். பாலம் எப்படிக் கட்டுவார்கள், ராமர் எப்படிப் போவார் என்று நான் ஆரம்பித்தேன். 'அது அவங்க பிரச்சனை. அவ கிட்ட வாடகை கேட்டிருக்கணும்' என்றாள்.

படகு வந்தது. சுக்கான் பிடி இருந்த பக்கம் அவளே உட்கார்ந்துகொண்டாள். நான் மிதித்தேன்.

(மயில்ராவணன் கதையின் தமிழ் வடிவங்களில் அந்த மீன் எப்படியெல்லாம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த குறிப்பு அதைப் பற்றி. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன வடிவம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.)