காவலூர் இருட்டு

ஜவ்வாது மலை என்றதும் சந்தனம், சாமை, தேன் என்று அடுக்குவார்கள். எனக்கு அங்கே பிடித்த விளைச்சல் இருட்டு.

ஆலங்காயம் பக்கம், சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். வானாய்வுக்கு இடம் தேடிய வானியலாளர் வைணு பாப்பு, 1960களில் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார். நகர வெளிச்சம் எட்டாத காடு. வட அட்சரேகை 12.5 பாகைதான் என்பதால் தெற்கு வானமும் பெருமளவு தெரியும். இரண்டும் ஒரே இடத்தில் வாய்ப்பது சுலபமில்லை.

1972இல் வந்த 1 மீட்டர் தொலைநோக்கி சும்மா இருக்கவில்லை. அந்த ஆண்டே வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்குக் காற்றுமண்டலம் இருப்பதற்கான தடயத்தைப் பதிவு செய்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்கியது. கோள் மறைக்கும் முன்பே நட்சத்திர ஒளி மங்கி மீண்டது. யுரேனஸைச் சுற்றியுள்ள வளையத்தின் வேலை அது; காவலூரிலும் அது பதிவானது. கண் சிமிட்டலைப் போன்ற அந்த மங்கலைப் பிடிக்க எத்தனை சுத்தமான இருட்டு வேண்டும்! 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் சேர்ந்தது. அதன் பெயரே வைணு பாப்பு. அவர்தான் அதைப் பார்க்க இல்லை, 1982இலேயே மறைந்துவிட்டார்.

காவலூரைச் சூழ்ந்த காடு இலையுதிர் காடு. ஜனவரி முதல் மே வரை வானம் தெளிந்திருக்கும். வானியலாளருக்கு அதுவே அறுவடைக் காலம். அப்போது மரங்கள் பலவும் மொட்டையாக நிற்கும். மழை பிடித்துக் காடு தழைத்தால் தாவரவியலாளருக்குக் கொண்டாட்டம்; தொலைநோக்கியின் குவிமாடம் மூடிக் கிடக்கும்.