அடுத்த ஆடு பார்த்துக்கொண்டு நிற்கிறது

ஆவடியில் ஞாயிறு காலை கறிக்கடைப் பக்கம் போனால், தோலுரித்த ஆடு கொக்கியில் தொங்கும். நாலடி தள்ளிக் கம்பத்தில் அடுத்த ஆடு கட்டியிருக்கும். போன வாரம் நான் பார்த்த வெள்ளாடு, முன்னால் போட்ட தழையில் வாயே வைக்கவில்லை. காதை விறைத்துக்கொண்டு, தரையில் ஓடிய ரத்தத்தையே பார்த்தது.

கடைவாசலில் அறுப்பதை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். கண்ணெதிரே அறுப்பதால்தான் நம்பி வாங்குகிறோம். தலை, கால், குடல், சுவரொட்டி, ரத்தம் எதுவும் வீணாவதில்லை. கைதேர்ந்தவரின் கத்தியையும் குறை சொல்வதற்கில்லை. ஆட்டின் மூளைக்கு ரத்தம் பெரும்பாலும் கழுத்தின் இரு பெருந்தமனிகள் வழியாகவே போகிறது. இரண்டும் ஒரே இழுப்பில் அறுந்தால் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். கத்தி மழுங்கியிருந்தால் அந்தச் சலுகையும் ஆட்டுக்கு இல்லை. மின்சாரத்தால் மயக்கிவிட்டு அறுப்பது இன்னும் உறுதியான வழி. ஆனால் மத முறைப்படி அறுப்பதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் குற்றமாக்கவில்லை. மயக்குவதா வேண்டாமா என்ற வாதத்திலேயே நாம் நின்றுவிடுகிறோம்.

எனக்கு வலிப்பது கத்திக்கு முந்தைய நேரம். காலைக் கட்டி இருசக்கர வண்டியில் குறுக்கே போட்டு வருவதும், அறுப்பைப் பார்க்கும்படி நிறுத்துவதும் எந்த மதமும் கேட்காதவை. கத்தியைத் தீட்டு, பிராணிக்கு நோகாமல் அறு என்பது நபிகள் நாயகத்தின் போதனை. ஒரு விலங்கின் எதிரே மற்றொன்றை அறுக்கக் கூடாது, சினையாட்டையும் மூன்று மாதம் நிரம்பாத குட்டியையும் தொடக் கூடாது என்கின்றன 2001-ஆம் ஆண்டின் அறுப்புக்கூட விதிகள். நகர எல்லைக்குள் உரிமம் பெற்ற ஆட்டுத்தொட்டிக்கு வெளியே அறுப்பதே அவற்றின்படி தவறு. பக்கத்து அம்பத்தூரில், கள்ளிக்குப்பத்தில், சென்னை மாநகராட்சியின் ஆட்டுத்தொட்டி இருக்கிறது. அங்கே அறுத்து வந்தாலும், வழியில் ஆடு படும் பாட்டை யாராவது கவனிக்க வேண்டும்.

மிரண்ட ஆட்டின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோகும். கறி கறுத்துச் சீக்கிரம் கெடும். இரக்கம் வராதவருக்கு இதுவாவது உறைக்கட்டும்.

2019-இல் மாநகராட்சியான ஆவடி, விதியைக் கடைவாசல் வரை கொண்டுவர வேண்டும். அதுவரை, அடுத்த முறை கறி வாங்கும்போது கடைக்காரரிடம் நீங்களே சொல்லுங்கள்: "அண்ணே, அந்த ஆட்டைப் பின்னால கொண்டுபோய்க் கட்டுங்க."